பொறியிற் பற்றும் தீ

சீவக சிந்தாமணியைப் பயின்றோர் எவரும் மயிற்பொறியை மறந்திரார். தேவி கண்ட கனவின் பயனை உணர்ந்த சச்சந்தன், தனக்கு நேரவிருக்கும் கேட்டிலிருந்து சூல்கொண்ட விசயையேனும் பிழைக்க வேண்டுமென்று கருதி, வானிற் பறக்கும் பொறியொன்றைச் செய்வித்தான். வலப்புறம் திரித்தால் எழும். இடப்புறம் திரித்தால் இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில் தேவி தனியளாய் அதிலேறிச் சென்று சுடுகாடு ஒன்றில் இறங்கினாள். சீவகன் பிறந்தது அவ்விடத்தே.

இப்பகுதியை யாம் பாடங்கேட்ட நாளில் உடன் பயில்வோர் பலரும் அந்தத் திருகாணியைப் பற்றியே வியந்து பேசினர். எம் கருத்தோ வேறொன்றிற் சென்றது. அப்பொறி துணியாலும் நூலாலும் பிசினாலும் அரக்காலும் மெழுகாலும் ஆயது என்று தேவர் கூறுகின்றார். இவற்றுள் தீப்பற்றாத பொருள் ஒன்றேனும் உண்டோ? நல்வினையாக அம்மயிலுக்கு எண்ணெய் வார்க்க வேண்டியிருந்ததாகத் தெரியவில்லை. எண்ணெயின்றி ஓடும் பொறி காவியத்தில் மட்டுமே கிடைப்பது.

இலக்கிய மாணாக்கர்க்கு இத்தகைய ஐயம் எழுந்ததேன் என்று வினவுவோர்க்கு விடை எம் இல்லத்திலேயே உளது. எம் மாமன் மகன் ஆஸ்திரேலியாவில் வானூர்தி ஒன்றைத் தம் கையாலேயே செய்து வருகின்றார்.

எமது ஊர் உவரி. அந்தோனியார் திருத்தலத்துக்கு வந்து போவோரும், கப்பல் வடிவில் எழுந்து நிற்கும் மாதா கோயிலைக் கண்டு மகிழ்ந்தோரும் இவ்வூரை அறிவர். வான்வழிச் செய்திகள் எமக்குப் புதியனவல்ல. மேற்கே மகேந்திரகிரியில் விண்கலங்களின் பொறிகளை நிலத்திற் பிணித்து எரித்துச் சோதிக்கின்றனர். கடற்கரையோடு வடகிழக்கே சென்றால் வரும் குலசேகரன்பட்டினத்தில் 2024 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினர். எனினும் எம்மூரார் எஞ்சின் என்றாற் குறிப்பது வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டிய அவுட்போர்டு எஞ்சினையே. எம் மாமனுக்கும் அத்தகைய வள்ளம் ஒன்று உண்டு. அவர் மகன் எமக்கு எட்டாண்டு மூத்தவர். அத்தான் என்று அழைப்போம். அவர் அந்நாட்டில் ஒரு பட்டறையிற் பணியாற்றி, ஓய்வு நாட்களில் நண்பர் இருவரோடு கூடி, வாடகைக் கொட்டகை ஒன்றில் ஈரிருக்கை வானூர்தியொன்றை உருவாக்கி வருகின்றார். பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்பவர் தம் கையாற் செய்தல் வேண்டும். அவ்வாறாயின், தொழிற்சாலையில் வார்த்தெடுக்கும் விமானங்களுக்குரிய கடுஞ்சோதனைகள் பலவற்றின்றியே அது பறக்க அந்நாட்டார் இசைவு தருகின்றனர். சோதனை இல்லாவிடத்துப் பொறுப்பு முழுதும் செய்தவன் தலைமேலது.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு அயலானதன்று. 1909 ஆம் ஆண்டு ஜூலையில் பிளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அடுத்த ஆண்டிலேயே, சென்னையில் உணவு விடுதி நடத்தி வந்த தாஞ்செலிஸ் என்பார், மவுண்ட் ரோட்டுச் சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு தமக்கென ஒரு விமானம் செய்வித்துப் பல்லாவரத்திற் பறந்து பார்த்தார். அண்மைக் காலத்தே மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் குடியிருப்பின் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2017 ஆம் ஆண்டில் அரசினர் அதனைப் பதிவு செய்தனர். பிளேரியோவைப் பற்றி ஈண்டு மற்றொன்றும் கூறல் வேண்டும். கால்வாயைக் கடப்பதற்குச் சின்னாள் முன்பு, அவர் விமானத்தின் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியிருந்த வெப்பத்தடை பெயர்ந்து அவர் காலைச் சுட்டுவிட்டது. ஊன்றுகோல் துணையோடுதான் அவர் அவ்வரிய பயணத்துக்கு வந்தார். வீரச்செயலைப் பாராட்டுவோர் அக்குழாயை நினைப்பதில்லை.

நிற்க. எம் மாமனின் கதைக்கு வருவோம். மூன்றாண்டுகளுக்கு முன், ஆனி மாதத்து விடியற்பொழுதில், மாமனும் வேறு இருவரும் வலையெடுத்துக் கரைநோக்கி வந்துகொண்டிருந்தனர். எம்மூர் வள்ளத்து எஞ்சின் பெட்ரோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. எண்ணெய்க் கேனிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாய் எங்கோ வெடித்து, உறைக்குள் எண்ணெய் சிறுகச் சிறுக ஒழுகியிருக்கின்றது. முன்புறத்தில் இருந்த இருவர்க்கும் எதுவும் தெரிந்திலது. வள்ளம் முன்னோடுகையில் புகையும் நாற்றமும் பின்னே போய்விடும் அன்றோ? கைப்பிடியைப் பற்றியிருந்த மாமனுக்கே உள்ளங்கையிற் சூடு பட்டது. திரும்பி உறையைத் தூக்கினார், தீ எழுந்தது. மற்றிருவரும் கடல்நீரை அள்ளி வீச எழுந்தனர். மாமன் அவர்களை அதட்டித் தடுத்து, முதலிற் கேனிலிருந்து குழாயைப் பிடுங்கினார். கேனை முன்னே உதைத்துத் தள்ளினார். அதன் பின்னரே நனைந்த சாக்கினை எடுத்து எஞ்சினை மூடி அமுக்கினார். தீ அடங்கிற்று. வள்ளம் பிழைத்தது. மாமனின் வலக்கை விரல்கள் இரண்டு அன்று முதல் மடங்குவதில்லை.

நீரை ஏன் தடுத்தீர்கள் என்று யாம் பின்னொரு நாள் கேட்டோம். "நீர் எண்ணெயை அணைக்காது, மருமகனே. தோளில் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோகும்" என்றார்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்பே அத்தான் விமானம் செய்யும் செய்தியை மாமி அறிந்தாள். அவள் கேட்ட வினா ஒன்றே. "கடலிலே தீப்பிடித்தால் குதிக்கலாம். வானத்திலே பிடித்தால் என் பிள்ளை எங்கே குதிப்பான்?" இவ்வினாவுக்கு விடை கூறல் எளிதன்று. முதல் உலகப்போரில் லுஃப்பெரி என்னும் புகழ்பெற்ற விமானி, 1918 ஆம் ஆண்டு மே மாதத்தில், எரியும் விமானத்தினின்று பாராச்சூட் இன்றியே வெளிப்பட்டு மாண்டார். குதித்தார் என்பாரும் தவறி விழுந்தார் என்பாரும் உளர். இதனை மாமியிடம் யாம் சொல்லவில்லை. அத்தானோ, தாய் இசைவு தரும்வரை அவ்வூர்தியில் ஏறுவதில்லை என்று வாக்களித்துவிட்டார். அவர் அனுப்பும் படங்களையும் ஆங்கிலக் குறிப்புகளையும் மாமிக்குத் தமிழிற் படித்துச் சொல்லும் வேலை, வீட்டில் கல்லூரியிற் பயில்வோர் யாம் ஒருவரே ஆதலின், எம்மிடம் வந்து சேர்ந்தது. ஓராண்டு காலமாக, தொல்காப்பியத்துக்கும் உரையாசிரியர்க்கும் இடையே, ஞாயிறுதோறும் மாமன் வீட்டுத் திண்ணையில் எஞ்சின் தீயைப் பற்றிய வகுப்பு நடந்து வருகின்றது. ஆசிரியர் யாவர், மாணாக்கர் யாவர் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

முதற்கண் தீயை அறிவது எங்ஙனம் என்று பார்ப்போம். எஞ்சின் முன்னே இருக்கும் விமானத்தில் விமானிக்குச் சில குறிகள் தாமே கிட்டும். கருகிய ரப்பரின் நாற்றம் வரும். உறையின் வண்ணம் கொப்புளிக்கும். காலடியிற் சூடு ஏறும். அத்தான் செய்வதோ எஞ்சின் பின்னே அமைந்த ஊர்தி. அதன் தள்ளுவிசிறி முதுகுக்குப் பின்னாற் சுழல்வது. காற்று அனைத்தும் பின்னோக்கியே செல்லுதலின், தீயின் செய்தி ஒன்றும் விமானியை வந்து சேராது. யாம் இதனைப் படித்த மாத்திரத்தில் மாமன், "நம் வள்ளத்தைப் போலவே. ஆனால் அவன் கை எஞ்சின்மேல் இராது" என்றார். யாம் பக்கம் பக்கமாகப் படித்து விளங்கிக்கொள்ள முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஆதலின் கைக்குப் பதிலாக ஒரு கருவி வேண்டும். பெரிய விமானங்களில் எஞ்சினைச் சுற்றி மெல்லிய எஃகுக் குழல் ஒன்றை ஓட்டியிருப்பர். அதனுள்ளே மின்கம்பியும், அதனைச் சூழ ஒருவகைச் சுண்ணப் பொருளும் இருக்கும். சூடேறினால் அப்பொருள் மின்னோட்டத்துக்கு வழிவிடும். உடனே விமானியின் முன்னே செவ்விளக்கு எரியும். வேறொரு வகையில் குழலினுள் வாயுவை அடைத்து வைப்பர். அது சூட்டால் விரிந்து அழுத்துதலே அறிகுறி. இவையன்றி, வெப்பம் குறித்த அளவைக் கடந்தால் மூடிக்கொள்ளும் சிறு சாவிகளும் உண்டு. விலையும் எடையும் குறைந்தமையால் வீட்டில் விமானம் செய்வோர் பெரும்பாலும் இதனையே நாடுகின்றனர்.

இவற்றுள் ஒரு தொல்லை உளது. விளக்கு பொய் சொல்லக்கூடும். ஈரம் புகுந்தாலும் கம்பி உரசித் தேய்ந்தாலும், தீயில்லாமலே அது எரியும். பெரிய விமானத்திற் பொய்யான எச்சரிக்கை வந்தால் ஓர் எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றொன்றால் பறந்து போகலாம். அங்கும் இரண்டு குழல்களை அடுத்தடுத்து ஓட்டி, இரண்டும் ஒன்றுபட்டாலன்றி எச்சரிக்கையை நம்பாதபடி அமைப்பர். ஓர் எஞ்சினே உள்ள சிற்றூர்தியில் பொய்விளக்கை நம்பி அதனை நிறுத்துவோன், நல்ல எஞ்சினோடு காட்டில் இறங்குவான். புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய இடைச்சிறுவன் கதையை மாமியே எமக்கு நினைவூட்டினாள். சாட்சி இருவர் வேண்டும் என்பது பழைய வழக்கு. அத்தானும் அவ்வழியே சென்றார். எஞ்சினைக் குளிர்வித்த காற்று உறையைவிட்டு வெளியேறும் வாயிலில் வெப்பச் சாவியை வைத்தார். எங்குத் தீ மூண்டாலும் அதன் சூடு அவ்வாயில் வழியாகவே போதல் வேண்டும். எஞ்சினை நோக்கிச் சிறு கேமரா ஒன்றையும் பொருத்தினார். விளக்கு சொன்னால் திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். கண்ணுக்கு ஒரு கணம் போதும்.

தீ உண்மை என்று அறிந்தபின் செய்வது யாது? நூல்கள் கூறும் முறை எம் மாமன் செய்ததற்கு மிக அணுக்கமானது. முதலில் எரிபொருளை அடைத்தல். பின்னர் எண்ணெய் இறைக்கும் பம்பையும் மின்சாரத்தையும் நிறுத்தல். எஞ்சினிலிருந்து சூடு வாங்கி உள்ளே விடும் குழல்களை மூடல். இல்லையேல் புகை இருக்கைக்கு வந்துவிடும். அதன்பின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டி இறங்கல். வேகம் கூடினால் காற்று மிகும். காற்று மிக்கால் தீ வளராதோ என்று மாமி வினவினாள். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் எரிதற்கு எண்ணெய் ஆவியும் காற்றும் ஓரளவிற் கலத்தல் வேண்டும். காற்று மிதமிஞ்சினால் கலவை நீர்த்துச் சுடர் நிற்க மாட்டாது. ஊதினால் அடுப்பு எரிகின்றது. அதே ஊதலில் அகல் அணைகின்றது. அடுப்பையும் அகலையும் நாள்தோறும் ஊதும் மாமிக்கு இது விளங்க நேரமாகவில்லை.

எஞ்சின் நின்ற விமானம் கல்லைப் போல் விழுவதன்று என்பதை அவள் நம்பியதே எமக்குப் பெரிய வெற்றி. சிறு விமானம் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ எட்டு ஒன்பது கிலோமீட்டர் தொலைவு சறுக்கிச் செல்லும். தரை சேரச் சில நிமிடங்கள் ஆகும். தீ மூண்ட நிலையில் விமானி அதனினும் விரைந்து இறங்குவான். அச்சில நிமிடங்கள் தீயை எது தடுத்து நிறுத்தும் என்பதே அடுத்த வினா.

அதற்கெனவே எஞ்சினுக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு தகடு உண்டு. ஆங்கிலத்தில் அதனைத் தீச்சுவர் என்கின்றனர். யாம் அதற்கு ‘அனற்றடை’ என்று பெயரிட்டுப் பெருமிதத்தோடு படித்தோம். "இதற்கு இத்தனை பெரிய பெயர் எதற்கு? அடுப்புச் சுவர் என்றாற் போதாதா?" என்றார் மாமன். அவ்வாறே ஆகுக. அந்த அடுப்புச் சுவர் துருப்பிடிக்காத எஃகாலாயது. அதன் கனம் 0.38 மில்லிமீட்டரேனும் இருப்பின் போதும் என்பது அமெரிக்க விதியாக இருந்தது. நகத்தின் கனமே உள்ள அத்தகடு, ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும். இறங்கும் நேரத்தைவிட அது பெரிதன்றோ என்று யாம் மாமியிடம் கணக்குக் காட்டினோம்.

கணக்கு சரிதான். ஆனால் எந்தச் சுவரும் அதன் ஓட்டையளவே உறுதியுடையது. எரிபொருட் குழாயும் மின்கம்பிகளும் முடுக்கும் கம்பியும் அதனைத் துளைத்துச் செல்லாமல் இயலா. அத்தான் அனுப்பிய படம் ஒன்றைக் கைப்பேசியிற் பெரிதாக்கி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி விரலை வைத்து, "நடுவிலே வெள்ளையாய்த் தெரிகிறதே, இது நம் பால்சட்டி இனமா?" என்றாள். அவள் ஒருமுறை அலுமினியச் சட்டியை அடுப்பில் வைத்து மறந்து, அடி உருகி ஓடக் கண்டவள். அலுமினியம் 660 பாகையில் உருகுவது. எஃகுச் சுவரில் அலுமினியப் பூட்டுவாய் இருப்பின், சுடர் பட்ட சிறுபொழுதில் அது உருகிப்போய் அவ்விடத்தே துளை நிற்கும்; துளையின் வழியே சுடர் உள்ளே வரும். யாம் மாமியின் வினாவை ஆங்கிலப்படுத்தி அனுப்பினோம். மறுநாள் விடை வந்தது: அலுமினியமே, கழற்றிவிட்டு எஃகு மாட்டுகின்றேன் என்று. அன்று முதல் படங்கள் எமக்கு வருவதில்லை. நேரே மாமிக்கே வருகின்றன.

அவ்வூர்தியின் உடல் கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்தது. எம்மூர் வள்ளங்களும் அவற்றாலாயவையே. விசயையின் மயிலும் துணியும் அரக்குமே என்பதை யாம் எடுத்துரைத்தபோது, பாடநூலில் இதெல்லாமா எழுதியிருக்கின்றது என்று மாமன் வியந்தார். இழை எரியாது, ஆனால் பிசின் 100 பாகைக்கு முன்பின்னாகவே இளகத் தொடங்கும். ஆதலின் உறையின் உட்புறத்தே வெப்பம் தடுக்கும் பூச்சும் தகடும் இட்டு வருகின்றனர்.

இனி, தீயணைக்கும் குப்பியைப் பற்றி. விமானத் தீ என்றவுடன் பலரும் முதலிற் கேட்பது இதனையே. எஞ்சின் அறைக்குள் ஒரு குப்பியைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினால் வாயு பாயுமாறு செய்யலாம். ஹாலான் 1301 என்னும் வாயு இதற்கு நெடுங்காலம் பயன்பட்டது. அது காற்றை விலக்குவதன்று. எரிதலின் தொடர்ச்சியையே இடையில் அறுப்பது. ஓசோன் படலத்தைக் கெடுத்தலின், 1987 ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1994 முதல் முன்னேறிய நாடுகளும் 2010 முதல் ஏனைய நாடுகளும் அதன் உற்பத்தியை நிறுத்தின. விமானங்களிற் பழைய இருப்பையே மீட்டு மீட்டுப் பயன்படுத்துகின்றனர். அஃது ஒருபுறம் இருக்க, பெருங்குறை வேறொன்று. எஞ்சின் அறையின் எல்லாப் பகுதியிலும் அவ்வாயு ஒரே வேளையில் நூற்றுக்கு ஆறு பங்காக அரை வினாடியேனும் நிற்றல் வேண்டும் என்பர். காற்றாற் குளிரும் சிறு எஞ்சினின் உறைக்குள்ளோ எப்போதும் பெருங்காற்று புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். குப்பியிலிருந்த வாயு ஓரிரு கணத்தில் அடித்துச் செல்லப்படும். எரிபொருள் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தால், சூடேறிய குழாயின்மேல் அது மீண்டும் பற்றும். அப்போது இரண்டாவது குப்பி இராது. மாமன் சாக்கைப் போர்த்து அமுக்கினார்; காற்றோடு பறப்பவன் எதைப் போர்த்துவான்?

குப்பி வீண் என்பது எம் கருத்தன்று. அடைப்பை மூடியபின் எஞ்சி நிற்கும் சுடரை அது அணைக்கும். ஆயினும் குப்பியை நம்பி அடைப்பைச் சோம்பியவன் இரண்டையும் இழப்பான். அத்தான் எஞ்சின் அறைக்குக் குப்பி வேண்டா என்று முடிவு செய்து, அந்த எடையைக் குழாய்களின்மேல் இடும் வெப்பம் தாங்கும் உறைகளுக்கும் எஃகுப் பூட்டுகளுக்கும் செலவிட்டார். கையிற் பிடிக்கும் சிறு குப்பி ஒன்று மட்டும் இருக்கையருகே இருக்கும். எமக்கு அது சரியெனவே படுகின்றது. அவருடைய நண்பர் ஒருவர் இன்னும் இசையவில்லை.

இவ்வளவும் எளிதில் முடிந்தன. பெரும் பூசல் விளைந்தது அடைப்பின் இடத்தைப் பற்றியே. அத்தான் முதலில், இருக்கைப் பகுதிக்குள் எரிபொருளே வரலாகாது என்று கருதி, அடைப்பினை இடத்தோளுக்குப் பின்னே சுவரையொட்டி வைக்க எண்ணினார். கேட்பதற்கு அறிவுடைய எண்ணமே. ஆனால் இதே எண்ணம் ஒருவரை முன்னரே கொன்றிருக்கின்றது. ஜான் டென்வர் என்னும் அமெரிக்கப் பாடகர் 1997 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள், மாண்டரே வளைகுடாவின்மேல், லாங் ஈசி என்னும் ஊர்தியிற் பறந்தார். அதுவும் எஞ்சின் பின்னே அமைந்ததே. அதனை வீட்டிற் கட்டியவர் வேறொருவர். வரைபடத்தில் கால்களுக்கிடையே இருந்த எரிபொருள் மாற்றும் திருகியை, இருக்கையருகே எரிபொருள் வேண்டாவென்று, அவர் இடத்தோளுக்குப் பின்னே மாற்றியிருந்தார். ஒரு தொட்டியில் எண்ணெய் தீர, பாடகர் திரும்பி அத்திருகியைத் தேடுகையில் அவர் கால் மிதிப்பலகையை அழுத்த, ஊர்தி தலைகீழாகக் கடலில் விழுந்தது என்று விசாரணையிற் கண்டனர். அன்று எங்கும் தீ பற்றவில்லை. தீக்கு அஞ்சி இடம் மாற்றிய திருகியே உயிரை வாங்கியது.

இதனை யாம் படித்து முடித்ததும் மாமன் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் திண்ணை நடுவே போட்டு அமர்ந்தார். தம் மேல்துண்டால் மார்பையும் நாற்காலியையும் சேர்த்துக் கட்டச் சொன்னார், கட்டினோம். பின்னாலிருந்த சன்னற் கொக்கியைக் காட்டி, "இதுதான் அடைப்பு" என்றார். வலக்கையை இடத்தோளுக்கு மேலே வளைத்து நீட்டினார். மடங்காத விரல் இரண்டும் கொக்கியைத் தட்டின, பற்றவில்லை. மீண்டும் முயன்றார். நாற்காலி சாய்ந்தது. அவருடைய வலக்கால் தானாகவே முன்னே உதைத்தது. மாமி உள்ளிருந்து ஓடிவந்து, முதலிற் சினந்து, பிறகு அந்தக் காலையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாம் அதனைக் கைப்பேசியிற் படம் பிடித்திருந்தோம். அத்தானுக்கு அனுப்பியதும் இரண்டு நாள் விடை இல்லை. மூன்றாம் நாள் வந்தது ஒரு படம் மட்டுமே: இரு முழங்கால்களுக்கிடையே, சிவப்புக் குமிழோடு, எஃகுக் குழாயில் அமைந்த அடைப்பு. இருக்கைப் பகுதிக்குள் எரிபொருள் வரத்தான் செய்கின்றது. அதற்காக அக்குழாயை வேறோர் உறைக்குள் இட்டு, கசிந்தால் வெளியே வடிய வழி வைத்திருக்கின்றார். கண்ணை மூடிக்கொண்டு நூறு முறை அதனை அடைத்துத் திறந்து பழகியதாகவும் எழுதினார்.

தரையில் பற்றும் தீ ஒன்றும் உண்டு, அதனையும் சொல்லிவிடுகின்றோம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகையில் பெட்ரோலை மிகுதியாக ஊட்டினால் அது காற்றுக் குழலில் தேங்கிப் பற்றிக்கொள்ளும். அப்போது இறங்கி ஓடுவது இயல்பு. நூல்கள் வேறு கூறுகின்றன: எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இரு, சுடரை அது தானே உள்ளிழுத்து விழுங்கிவிடும் என்று. தீயை எஞ்சினுக்கே உணவாக இடும் இம்முறையை மாமன் மிக விரும்பி இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அத்தானின் எஞ்சின் ராட்டக்ஸ் என்னும் பெயருடையது. அதன் இரு கார்புரேட்டர்களும் புகைபோக்கிக் குழாய்க்கு மேலே இருப்பன. சொட்டும் பெட்ரோல் குழாயின்மேல் விழாதபடி ஒவ்வொன்றின் கீழும் சிறு தட்டு ஒன்று வைத்து, அதிலிருந்து வெளியே வடிகுழல் விட வேண்டும். சென்ற ஞாயிறு வந்த படத்தில் அத்தட்டுகள் இரண்டும் இருந்தன. மாமி எண்ணிப் பார்த்தாள். எஞ்சின் இன்னும் ஒருமுறையும் ஓடவில்லை; அடுத்த மாதம் ஊர்தியைத் தூணிற் பிணித்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்கின்றார். மாமியும் இன்னும் சரியென்று சொல்லவில்லை.

"அந்த ரப்பர்க் குழாயை எப்போது மாற்ற வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள். வெடித்தாலும் வெடிக்காவிடினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றுதல் வேண்டும் என்று செய்தவர் விதித்திருப்பதை யாம் படித்துச் சொன்னோம். உள்ளே சென்று பென்சில் எடுத்து வந்து, சுவரிற் தொங்கிய நாட்காட்டியின் பின்புறத்தில் மாதத்தையும் ஆண்டையும் எழுதினாள். அதன் கீழே, சற்று நேரம் கழித்து, வள்ளத்துக் குழாய்க்கும் ஒரு தேதி எழுதினாள்.